நாய்க்கு நாம் போடும் சாதம்

(நாக்பூரில் நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் வயதானவர்களின் ஆகாரம் பற்றி ஒரு டாக்டர் அருமையாகப் பேசினார். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "இதையேதான் எங்காத்து நாய்க்கும் டாக்டர் சொன்னார்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குத் தண்டனையாக, "அடுத்த மாதம் நீங்களே அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் கால்நடை மருத்துவன் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ரசாயனத்தில் பி.எஸ்சி. படித்தேன், அதன்பின் முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் பிறர் கணக்கைப் பார்த்தேன். ஆகவே நான் பேசப்போவது வைத்தியம் இல்லை, கணக்கு.

நம்மவர் வீடுகளில் முன்பெல்லாம் நாய் வாசல் திண்ணையைத் தாண்டி வராது. மிஞ்சின சாதத்தைக் கொல்லைப்புறத்தில் போடுவதோடு உறவு முடிந்துவிடும். இன்று புனேயிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் அது சோபாவில் நமக்குப் பக்கத்தில் உட்காருகிறது. பல வீடுகளில் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி, பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விடுகிறான். நாய் தாத்தா பாட்டி பொறுப்பாகிவிடுகிறது. பேரன் பக்கத்தில் இல்லாத ஏக்கம் முழுவதும் அதன் தட்டில் வந்து விழுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது.

முதலில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஸ்பிட்ஸ் ஜாதி நாய் ஒன்று இருந்தது. பெயர் ஸ்நோயி. எட்டு கிலோ இருக்க வேண்டியது பதின்மூன்று கிலோ இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "பஞ்சு மூட்டை மாதிரி இருக்கே!" என்று கொஞ்சுவார்கள்; எங்களுக்கும் பெருமை. 2003 மே மாதம், நாக்பூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்தியானம் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. கூலர் நின்றுவிட்டது. அது நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டாக்டரிடம் எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. "வெயில் தாங்கவில்லை" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மூச்சு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்தால் சூடு வெளியே போவது கடினம், மூச்சு இரைப்பதும் கடினம் என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதே தெருவில் அதே வெயிலில் இளைத்த தெருநாய்கள் எல்லாம் பிழைத்துக் கிடந்தன.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2015-இல் என் பிள்ளை ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தான். பெயர் ராமு. நன்றாகத்தான் வளர்ந்தான். 2020-இல் ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டில், நடை கிடையாது, சமையல்கட்டு மட்டும் நாள் முழுவதும் திறந்திருந்தது. 2021-இல் தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது எடை 42 கிலோ. முன்பு 32 கிலோ இருந்தவன். பின்னங்காலைத் தூக்கி மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் தைராய்டு சுரப்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதில் குறை இல்லை. "என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டார். நான் தயங்காமல், "அதிகம் ஒன்றும் இல்லை சார்" என்றேன். அவர், "ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

தணிக்கைக்காரனிடம் இப்படிச் சொன்னால் விடுவானா? சமையல்கட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும் தராசும் வைத்தேன். கொடுப்பவர் பெயர், பொருள், அளவு, நேரம் என்று நாலு கட்டம் போட்டேன். முதல் நாளே வீட்டில் சண்டை. "பாவம், வாயில்லா ஜீவன், அதுக்குப் போயா கணக்கு?" என்றாள் என் மனைவி. ஆனால் எழுதினோம்.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் சராசரியைச் சொல்கிறேன். கடையில் வாங்கும் உலர்தீனி 300 கிராம், அது சுமார் 1,050 கலோரி. "அது என்ன, காஞ்ச தீனி" என்று மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர் சாதம், 385. ராத்திரி எங்களோடு இரண்டு சப்பாத்தி, நெய் தடவி, 290. காலையில் பால், 125. மாட்டுப்பெண் கொடுக்கும் பனீர்த் துண்டு, வாழைப்பழம் எல்லாம் சேர்த்து ஒரு 100. பிறகு மேரி பிஸ்கட். ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி. பேரன் மூன்று, வேலைக்கு வரும் அம்மாள் இரண்டு, கீழே காவல்காரர் இரண்டு. மீதி இரண்டு யார் தெரியுமா? நான்தான். காலை நடையில் டீக்கடையில் எனக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. மொத்தம் 2,175 கலோரி.

வேண்டியது எவ்வளவு? கால்நடை மருத்துவத்தில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. உடல் எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி வரும். 32 கிலோவுக்கு அது சுமார் 940. கருத்தடை செய்த, ஓரளவு நடமாடும் நாய்க்கு அதைப்போல் 1.6 மடங்கு, அதாவது 1,500. நாங்கள் கொடுத்ததோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்று சொன்னது உண்மை. அந்த ஆறு "கொஞ்சத்தை" யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் சில்லறைச் செலவு இனத்தில் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஜாதிக்கே பசி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினார் ராஃபன் குழுவினர் அதற்குக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போயிருக்கிறது. அவர்கள் சோதித்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இந்தக் குறை இருந்தது. வயிறு நிறைந்தது என்ற செய்தி அவற்றின் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. ஆகவே ராமு "இன்னும் போடு" என்று பார்ப்பது நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். அவனுக்கு நிஜமாகவே பசிக்கலாம். ஆனால் அந்தப் பசி வேறு, உடம்பின் தேவை வேறு.

பார்க்கிறது என்றேனே, அந்தப் பார்வைக்கும் ஒரு விளக்கம் உண்டு. புருவத்தின் உள்பக்கத்தைத் தூக்கும் ஒரு சிறு தசை நாய்க்கு நன்றாக இருக்கிறது, ஓநாய்க்கு அநேகமாக இல்லை என்று 2019-இல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தசையால்தான் கண் பெரிதாகி, பரிதாபமாகத் தெரிகிறது. நம்மோடு ஆயிரக்கணக்கான வருஷம் பழகியதில் வந்தது. எங்கள் டைனிங் டேபிளுக்குக் கீழே அந்தத் தசைக்கு நல்ல வேலை.

"சாதம் போடலாமா கூடாதா?" என்று மாமிகள் கேட்பீர்கள். போடலாம். நாய்க்கு மாவுச்சத்து ஜீரணமாகும். ஓநாயைவிட அதற்கு அந்த மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். தயிர் சாதம் விஷம் இல்லை. ஆனால் அது மட்டுமே போதுமான ஆகாரம் இல்லை, முழு அளவு தீனிக்கு மேல் கொசுறாகப் போடவேண்டியதும் இல்லை. சைவமாக வளர்க்க விரும்புவோர் டாக்டரைக் கேட்டுப் புரதச் சத்துக்கு வழி செய்துகொள்ள வேண்டும். நம் சமையலில் நிஜமாகவே ஆபத்தானவை வேறு. பாயசத்தில் போடும் திராட்சை, பச்சைத் திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு ரத்த அணுக்களை அழிக்கும், சாம்பாரில் வெந்த வெங்காயமானாலும் சரி. சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டாலும் கூடவே கூடாது. தீபாவளிக்கு மறுநாள் எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டுக் கணைய அழற்சியோடு நாய்கள் வருவதுண்டு என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

குண்டாக இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்து, ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்று சாப்பிடுவதில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். ஆயுள் முழுவதும் இப்படி. 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரி 13 வருஷமும், மற்றவை 11.2 வருஷமும் இருந்தன. மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் ஆயுளில் 1.8 வருஷம் என்பது சின்ன விஷயமா? அதை நெய்ச் சப்பாத்தியாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் நாய் எப்படி என்று பார்க்கத் தராசு வேண்டாம். இப்போது எல்லோரும் இடது கையை நீட்டுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். வலது கை விரல்களால் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா? நாயின் விலா அப்படி இருந்தால் சரி. கையைத் திருப்பி உள்ளங்கையில் விரல்களின் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் குண்டு. கையை முஷ்டியாக மடக்கி முட்டியைத் தடவுங்கள், அப்படி இருந்தால் இளைப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கியும் தெரிய வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? தீனியைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது, சத்துக் குறைவு வரும் என்று டாக்டர் எடை குறைப்புக்கான தீனியை எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்குச் சுமார் 950 கலோரி. அதைக் காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவேன். யார் எது கொடுக்க ஆசைப்பட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. பேரனுக்கும் கொடுத்த திருப்தி, காவல்காரருக்கும் திருப்தி. அவருக்குத் தினமும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பசி தெரியாமல் இருக்க வெந்த பீன்ஸ், சுரைக்காய், வெள்ளரிக்காய், உப்புப் போடாமல். கோடையில் தார் ரோடு சுடுவதற்கு முன், காலை ஐந்து மணிக்கே நடை.

வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும் என்றார்கள். எங்களுக்கு அந்த வேகம் வரவில்லை. கல்யாணத்துக்குச் சென்னை போய் வந்த பத்து நாளில், பார்த்துக்கொண்டவர்கள் "பாவம்" என்று போட்டதில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது. மனைவி ஒளித்துக் கொடுத்ததையும் கண்டுபிடித்தேன். கேட்டால், "நீங்க மட்டும் சுகர் இருந்துண்டு ரகசியமா ஜிலேபி சாப்பிடலையா?" என்றாள். அந்தத் தணிக்கை ஆட்சேபணைக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மாதத்தில் 42 கிலோ 33 ஆயிற்று.

மகாபாரதக் கடைசியில் தர்மபுத்திரரோடு போன நாயைப் பற்றிப் பேசாமல் நாய்ப் பேச்சு முடியாது என்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், அது இமயமலையில் கடைசி வரை நடந்தது. எங்கள் ராமுவுக்கு இரண்டு மாடி போதும். இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. மூட்டில் தேய்ந்தது தேய்ந்ததுதான், அது திரும்ப வரவில்லை; குளிர்காலத்தில் வலி மாத்திரை வேண்டியிருக்கிறது. ஆனால் படி ஏறுகிறான்.

அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்; வெற்றுக் கட்டம் போட்ட பக்கத்தின் நகல்களும் இருபது இருக்கின்றன. வெளியே போண்டா தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். வாசலில் வழக்கமாகப் படுத்திருக்கும் கறுப்பு நாய்க்கு நேற்றே யாரோ விலாவைத் தடவிப் பார்க்கும் அளவுக்குப் போட்டிருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.