ஆரல்வாய்மொழி வழியே வரும் காற்று



ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போயிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோவாளை வரைக்கும் வயலும் தென்னையுமாகப் பச்சைப் பசேல் என்று இருக்கும். வானம் மூடிக் கிடக்கும். சில நாள் தூறலும் விழும். ஆரல்வாய்மொழி வந்ததும் காற்றின் இரைச்சல் கூடிவிடும், ஜன்னல்களை இறக்கிவிடுவார்கள். முப்பந்தல் தாண்டிக் காவல்கிணறு போய்ச் சேர்வதற்குள் தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடிக்கும். அரை மணி நேரப் பயணம்தான். அதற்குள் வானிலையே மாறிவிடுகிறது. ஏன் இப்படி?

இந்தக் காற்று புறப்படும் இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடல். கோடையில் வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நிலம் கொதித்துக் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நோக்கி ஓடிவரும் காற்று, பூமியின் சுழற்சியால் ரேகையைக் கடந்ததும் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்தபடி மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது, குளிர்ந்து மழையாகிறது. மேலேற முடியாத காற்று வழி தேடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அதற்குப் பெரிய வாசல்கள் மூன்று: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி.

மூன்றில் தெற்கே கடைசியாக இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கேயே ஒரு மலைக்குக் காற்றாடிமலை என்று பெயர். வடக்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தெற்கே சிறு குன்றுகள், அதற்கப்பால் கடல். வாய்க்காலில் சாவகாசமாக வந்த தண்ணீர் மடைவாயில் சீறிக்கொண்டு பாய்வதுபோல, அகன்று வந்த காற்று இந்த இடுக்கில் வேகமெடுக்கிறது. இடுக்கு மட்டும் காரணமில்லை. கிழக்கே பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துச் சமவெளி பகல் ஏற ஏறச் சூடாகிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கணவாய் வழியாக மேலும் காற்று இழுக்கப்படுகிறது. அதனால்தான் விடியற்காலையில் சற்றே தணிந்திருக்கும் காற்று பிற்பகலில் ஆளைத் தள்ளுகிறது.

மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றோ ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி சூடேறும். மழையை மேற்கிலேயே கொட்டிவிட்டதால் ஈரமும் குறைவு. காவல்கிணற்றில் தூறல் நின்று வெயில் அடிப்பது அதனால்தான். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரிக்காடு பார்த்திருப்பீர்கள். அந்தச் செம்மணல் மேடுகள் காற்று வாரிக் குவித்தவை.

இதே காற்றுதான் மின்சாரமாகிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. இன்று முப்பந்தல் வட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் சொல்வது காத்தாடி என்றுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். கணவாயை ஒட்டி இத்தனை காத்தாடிகள் நெருங்கி நிற்பதற்கு அந்தக் கணக்கே காரணம்.

ஆனால் அதே வேகம் வாழைத் தோட்டத்தையும் விட்டுவைப்பதில்லை. குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு உச்சியில் பாரம், அடியில் பிடிப்பில்லாத வேர். கம்பு ஊன்றி, பக்கத்து வாழையோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அப்படியும் ஒரு பிற்பகல் காற்றில் நடுத்தண்டு முறிந்து, பிஞ்சுக் குலையோடு வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். சாயாமல் நிற்கும் மரத்திலும் இலை நார்நாராகக் கிழிந்துவிடும். சாப்பாட்டு இலையாக அது விலை போகாது. பத்து மாதம் தண்ணீர் பாய்ச்சியவர் அந்தத் தோட்டத்தில் நிற்கும் நிலையைப் பார்த்தால், காற்றை ஒரு மெகாவாட் கணக்காக மட்டும் பேச மனம் வராது.

கடலுக்கு வருவோம். பருவக்காற்று தொடங்குமுன், மார்ச் முதல் மே வரை, குமரிக் கரையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு வீசும். பகலில் நிலம் சூடாவதால் கடலிலிருந்து கரைக்கு வீசும். பாய்மரக் காலத்தில் கரைக்காற்றில் கடலுக்குப் போய், கடல்காற்றில் பாய் விரித்துத் திரும்பினார்கள். ஜூன் பிறந்ததும் அந்த ஒழுங்கு குலைந்துபோகும்.

விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் குமரி மாவட்டம் ஒன்றிலேயே இரண்டு விதம். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டு வள்ளங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே காற்று மிகக் கடுமையாக வீசும் மாதங்களில், மிகச் சிறிய படகுகள்தான் மேற்குக் கரையிலிருந்து கடலில் இறங்குகின்றன.

அந்தப் படகுகளில் போகிறவர்களுக்கு வானிலை அறிவிப்பில் நாம் சொல்லும் எச்சரிக்கையோ பெரும்பாலும் ஒரே வரி: குமரிக் கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம். அந்த வரி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மலை மறைக்கும் கரையும் கணவாய்க்கு நேரே கிடக்கும் கரையும் அந்த ஒரே வரியில் அடங்குமா? காலைக் காற்றும் மாலைக் காற்றும் ஒன்றா? நாள்கணக்கில் வீட்டில் இருக்க முடியாதவர், எச்சரிக்கை இருந்தும் ஒரு நாள் துணிந்து இறங்கிவிடுகிறார். கரை கரையாக, நேரம் பிரித்துக் காற்றைச் சொல்லும் அறிவிப்பு அவருக்கு வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு முட்டத்தில் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளுகிறவர் கேட்பது, பத்து மணிக்குள் திரும்பிவிடலாமா என்பதைத்தான். அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.