மடிக்கணினி மட்டும் போதுமா?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2002-இல் ஏழாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் மடிக்கணினி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கும். அப்போதைய கவர்னர் ஆங்கஸ் கிங்கின் திட்டம் அது. ஆப்பிள் நிறுவனத்துடன் நான்காண்டு ஒப்பந்தம், சுமார் 3.7 கோடி டாலர்.

வங்கியில் வேலை பார்த்தவன் நான். தொகையைவிட அதில் என்னென்ன அடக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன். கருவியோடு பழுதுபார்ப்பு, பள்ளிக்குள் வயர்லெஸ் இணைப்பு, ஆசிரியர் பயிற்சி எல்லாமே அதில் சேர்த்தி.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டம் மேல்நிலை மாணவருக்குச் சொந்தமாகவே கொடுத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. மெய்ன் திட்டமோ வகுப்பறைப் பாடத்துக்கானது. நம் பகுதிப் பள்ளிக்கு நாம் யோசிப்பதும் அதுவே.

எனவே ஒரு வேண்டுகோள். திரட்டும் பணத்தில் கால் பங்கைப் பழுதுபார்க்கவும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். நாற்பது வாங்கும் பணத்தில் முப்பது வாங்குவோம், முப்பதும் ஓடட்டும். பீரோவில் பூட்டிய கணினி சொத்துக் கணக்கில் இருக்கும், பிள்ளைகள் கையில் இருக்காது.