பாட்டரிக்கு இரண்டு காவலர்
(செட்டியார்பட்டி ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன் பெற்றுக் கறவை மாடு வாங்கியவர், தவணை தீருமுன் மாடு மாண்டுபோனால் படும் துன்பம் சங்கத்தார் யாவரும் அறிந்ததே. பாட்டரியும் அத்தகையதே. டிராக்டரிலும், வீட்டு இன்வெர்ட்டரிலும், சூரிய விளக்கிலும் உள்ள பாட்டரியைப் பேணினால் பல வருஷம் உழைக்கும். பேணாவிடில் பாட்டரி போய்க் கடன் மட்டும் மிஞ்சும்.

பாட்டரி கிராமத்துக்குப் புதியதன்று. சென்னை ரேடியோ நிலையம் 1938ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதி ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் மின்சாரம் எட்டாத ஊர்களில் ரேடியோப் பெட்டிகள் பாட்டரியைக் கொண்டே பேசின. அது தீர்ந்தால் பெட்டி ஊமையாகிவிடும்.

ஈயப் பாட்டரியை 1859ஆம் வருஷம் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சுக்காரர். இதில் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்திருக்கும். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. மின்சாரத்தை எடுக்க எடுக்கத் தகடுகளின்மேல் ஒருவகை ஈய உப்புப் படியும். மறுபடி சார்ஜ் செய்தால் அது கரையும். முற்றிலும் வடித்துவிட்டு நாட்கணக்கில் போட்டுவைத்தாலோ, அவ்வுப்பு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது. கிணற்றில் சேறு வரும்வரை இறைத்தால் மோட்டார் கெடுவதுபோல, பாட்டரியையும் அடிவரை வடித்தலாகாது.

இதற்கு முதற்காவலர், வோல்ட் குறைந்ததும் தானே இணைப்பைத் துண்டிக்கும் கட்டவுட். 12 வோல்ட் பாட்டரி ஏறக்குறைய 11 வோல்ட்டுக்கு இறங்கியதும் இது விளக்கை அணைத்துவிடும். சார்ஜ் ஏறிய பிறகே மீண்டும் இணைக்கும். சங்கம் தன் அங்கத்தினருக்குக் கடன் எல்லை வகுத்திருப்பது போன்றது இது. சூரிய விளக்கின் கண்ட்ரோலரிலும் இன்வெர்ட்டரிலும் இவ்வமைப்பு பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் விளக்கு அணைந்ததும் சிலர் பாட்டரியின் முனைகளிலேயே ஒயரை நேராகக் கட்டிவிடுகின்றனர். இது காவலனை வெளியே தள்ளிக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் காவலர் பியூஸ். இரு முனைகளுக்கிடையே ஒரு ஸ்பானர் விழுந்தாலும், ஒயரின் உறை தேய்ந்து ஒன்றோடொன்று பட்டாலும், ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். பியூஸ் முதலில் உருகி, ஒயரைக் காப்பாற்றும். அதைப் பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் வைக்க வேண்டும். தொலைவில் வைத்தால் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை. 6 வாட் விளக்குகள் பத்து எரிந்தால் 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். ஒயரோ அதைவிட அதிகம் தாங்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். பியூஸ் போனால் காரணத்தைக் கண்டு நீக்கிய பின்னரே வேறு போடலாம். செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது வீட்டுக்குத் தீ வைப்பதேயாம்.

காவலர் இருவரும் காக்க இயலாத அபாயம் ஒன்றுண்டு. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆதலால் பாட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்தல் கூடவே கூடாது. குறைந்த மட்டத்துக்கு வாலைநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். திராவகம் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் வெகுநேரம் கழுவி, வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

பழைய பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுத்தல் குழந்தைகளின் மூளைக்கே கேடு. 2022ஆம் வருஷத்து விதிகள் அதை முறையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

ஆகவே பாட்டரி வாங்கக் கடன் கேட்போர், பியூஸும் கட்டவுட்டும் விலைச்சீட்டில் சேர்ந்துள்ளனவா என்று முதலில் பார்க்கக்கடவர். அவற்றின் விலை சொற்பம். அவை காப்பதோ கடனால் வந்த பொருளையும், அது இருக்கும் வீட்டையும்.