கணக்கில் வராத இழப்பு: தமிழ்நாட்டில் மதுவும் போதையும்

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், மக்கள் வாயில் டாஸ்மாக், 2024-25ஆம் நிதியாண்டில் ஆயத்தீர்வையாகவும் மதிப்புக்கூட்டு வரியாகவும் அரசுக்கு ஈட்டித் தந்தது 48,344 கோடி ரூபாய். சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட 2003-04இல் இது 3,639 கோடியாக இருந்தது. இந்த வரவுக்குக் கடைவாரியாக, நாள்வாரியாக, பாட்டில்வாரியாகக் கணக்கு உண்டு. மறுபக்கத்துச் செலவுக்கு அப்படியொரு பேரேடு இல்லை. அது மருத்துவமனையில் ஈரல் நோயாகவும், காவல் நிலையத்தில் விபத்து வழக்காகவும், குடும்ப நீதிமன்றத்தில் மணமுறிவு மனுவாகவும், அடகுக் கடையில் மீட்கப்படாத தோடாகவும் சிதறிக் கிடக்கிறது. போதைப் பழக்கம் பற்றிய ஆய்வு இம்மாநிலத்தில் தொடங்க வேண்டியது இந்தச் சிதறலிலிருந்துதான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். இந்திய அளவில் இது 18.8. பெண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் இங்கே ஒரு விழுக்காடுகூட இல்லை. வீடு தேடி வந்து கேட்பவரிடம் குடியை ஒப்புக்கொள்ளத் தயங்குவோர் உண்டு என்பதால், உண்மை இதற்கு மேலேதான் இருக்கும். ஆனால் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதைவிட, எப்படிக் குடிக்கிறார்கள் என்பதே கேட்டைத் தீர்மானிக்கிறது. 180 மில்லி குவாட்டர் பாட்டிலில் 42.8 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எடைக்கணக்கில் ஏறத்தாழ 60 கிராம். பத்து கிராமை ஓர் அலகாகக் கொண்டால் ஆறு அலகு. கையில் காசு குறைந்தால் முன்பின் தெரியாத இருவர் கடைவாசலில் பங்கு போட்டுக் ‘கட்டிங்’ அடிப்பார்கள். இல்லையென்றால் முழுதும் ஒருவருக்கே. தண்ணீர் பாக்கெட்டை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, பெரும்பாலும் வெறும் வயிற்றில், சில நிமிடங்களில் அது உள்ளே போய்விடுகிறது. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பின் சாதாரண ரகக் குவாட்டரின் விலை 140 ரூபாய் ஆனது. அதே ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். கூலியில் பாதியை நெருங்கும் தொகை வீட்டுப் படி ஏறுமுன்பே போய்விடுகிறது.

இந்நிலைக்கு இட்டுவந்த வரலாறு நேர்கோட்டில் செல்வதன்று. 1921இல் பெரியார் சேலத்துத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றதும் அதன் தொடக்கக் காட்சிகள். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்திய ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். விழுந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அத்தகைய வரியை முதலில் விதித்த மாகாணம் இதுதான். மது வருவாய் இல்லாமல் அரசு நடத்த முடியாது என்ற வாதத்துக்கு அன்றைக்கே ஒரு விடை எழுதப்பட்டிருந்தது என்பதை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. விற்பனை வரி நிலைத்துவிட்டது. எதற்காக வந்ததோ அந்த மதுவிலக்குத்தான் நிலைக்கவில்லை.

1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 ஆகஸ்ட் 30இல் மு. கருணாநிதி அரசு அதை ஒத்திவைத்தது. மதுவிலக்கில் உறுதியாக நின்ற மாநிலத்துக்கு மைய அரசு இழப்பீடு தர மறுத்தது காரணங்களில் ஒன்று. 1974இல் மீண்டும் விலக்கு. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறப்பு. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடக்கம். 1987இல் கள்ளும் சாராயமும் நிறுத்தம். 1990இல் திரும்பி வந்த மலிவு மதுவை 1991இல் ஜெயலலிதா நிறுத்தினார். அவரே 2003 நவம்பரில் சில்லறை விற்பனையைத் தனியார் ஏலதாரர்களிடமிருந்து எடுத்து டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தார். ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கிய தனியாரின் ஆதாயம் கருவூலத்துக்கு வரத் தொடங்கியது. கருவூலம் வற்றும்போது கடை திறப்பதும், கள்ளச்சாராயம் ஊரைக் கொல்லும்போது சட்டம் இறுகுவதுமாகவே அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. குடிநோயாளி என்ற ஒருவரை நடுவில் வைத்து இந்த முடிவுகளில் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூனில் 500 என்று கடைகள் மூடப்பட்டன. கடைசி மூடலுக்குப் பின் எஞ்சியவை 4,829. நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2016 டிசம்பர் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் மூடப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் பல, ஊருக்குள் இடம் தேடின. அப்போது மறித்து நின்றவர்கள் பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண் ஒருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை மாநிலமே பார்த்தது. கடை குறைந்தும் வருவாய் ஏறியது. விலை உயர்வும், எஞ்சிய கடைகளில் நீண்ட வரிசையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

கள்ளச்சாராயத்தின் கதை வேறு. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஓராண்டு கழித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகர்ப்புறக் குடியிருப்பு அது. பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளர்கள் வயிற்று எரிச்சல், வாந்தி, கண் மங்கல் என்று வரத் தொடங்கினார்கள். முதலில் இறந்தவரின் சாவுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டவர்களில் பெண்கள் உட்பட 60க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கொன்றது மெத்தனால்; பெயிண்ட், வார்னிஷ் தொழில்களுக்குப் பயன்படும் கரைப்பான் அது. மணத்திலோ சுவையிலோ குடிப்பவரால் அதைப் பிரித்தறிய முடியாது. குடித்த சில மணிநேரம் வரை வழக்கமான போதைதான். ஈரலின் நொதி அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது; அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கி, இரத்தத்தை அமிலமாக்கி, மூச்சை நிறுத்துகிறது. நொதியை வேறு வேலையில் மடக்கிவைக்க எத்தனாலோ போமெபிசோல் மருந்தோ கொடுத்து, இரத்தச் சுத்திகரிப்புச் செய்தால் பிழைக்கலாம். நேரம் தவறினால் பிழைத்தவர்க்கும் பார்வை போகும். ஆகவே, முதல் சில மணிநேரத்தில் இது விஷச்சாராயம் என்று வெளிப்படையாகச் சொல்வதே முதல் சிகிச்சை. கள்ளக்குறிச்சியில் தொடக்கத்தில் அதை மறுத்துப் பேசிய மாவட்ட நிர்வாகம் பிறகு விலை கொடுத்தது: ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கி மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே வாரத்தில் அறுபது சாவு என்றால் அரசு அசைகிறது. பதினைந்து ஆண்டுகள் அரசுச் சரக்கைக் குடித்து ஈரல் சுருங்கிச் சாகிறவர் எந்த ஆணையத்தின் விசாரணைக்கும் உட்படுவதில்லை.

அந்த மெதுவான சாவு எப்படிக் கணக்கிலிருந்து நழுவுகிறது என்பதை எந்த அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டிலும் பார்க்கலாம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவர் சேர்க்கப்படுகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. மூன்றாம் நாள் இரவு போர்வையில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுகிறார், சுவரோடு பேசுகிறார், சலைன் குழாயைப் பிடுங்குகிறார். திடீரென மது நின்றதால் வரும் சித்தப்பிரமை அது. வலிப்பாகவும் மாறும், கவனிக்காவிட்டால் உயிரும் போகும். இரவுப் பணிச் செவிலியருக்கு இது பழகிய காட்சி. தயமின் ஊசியும் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் போட்டு மீட்டுவிடுகிறார்கள். ஆனால் வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டில் ‘கால் எலும்பு முறிவு’ என்றுதான் இருக்கும். விபத்துக் காப்பீடு கைவிட்டுப் போகுமே என்று குடும்பமும் மதுவைப் பற்றி வாய் திறக்காது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள்; நாட்டிலேயே எண்ணிக்கையில் முதலிடம். உயிரிழந்தோர் 17,884. இவற்றில் மதுவின் பங்கு என்று பதிவாவது, ஊதவைத்துச் சோதித்தோ இரத்தம் எடுத்தோ உறுதிசெய்யப்பட்ட பகுதி மட்டுமே.

2020 ஊரடங்கு மற்றொரு சாளரத்தைத் திறந்தது. மார்ச் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை கடைகள் அடைபட்டபோது, சிலர் சவரத் திரவத்தையும் வார்னிஷையும் குடித்து இறந்தார்கள். பல வீடுகளில் அதே நாட்களில் சம்பளம் இல்லாமலேயே சண்டை குறைந்தது. இரண்டும் ஒரே கொள்கைக்கான சான்றுகள்: மூடுவதால் மட்டும் நோய் தீராது, ஆனால் கிடைப்பது குறைந்தால் கேடும் குறைகிறது. மதுவிலக்கு ஆதரவாளர் இரண்டாவதையும் எதிர்ப்பாளர் முதலாவதையும் மட்டுமே மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

மதுவுக்கு அப்பால், கஞ்சா வரும் வழி பழகியது. விசாகப்பட்டினத்து மலைப் பகுதிகளிலும் ஒடிசாவின் மல்கான்கிரி வட்டாரத்திலும் விளைவது ரயிலிலும் சரக்கு வண்டியிலும் வந்து, ஒரு பகுதி வேதாரண்யம், ராமேசுவரம் கரைகளிலிருந்து இலங்கைக்குக் கடல் தாண்டுகிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ. அதற்கு மேல் பிடிபட்டால்தான் பிணை கிடைப்பது மிகக் கடினம். அதைத் தெரிந்துகொண்டே பொட்டலங்கள் கட்டப்படுகின்றன. 2021 டிசம்பர் முதல் காவல்துறை நடத்திவரும் ‘கஞ்சா வேட்டை’களில் கைதாவோர் பெரும்பாலும் கூலிக்குச் சுமப்பவர்கள்.

இதைவிடக் கவலை தருவது மாத்திரை. டேபென்டடால் என்னும் கடும் வலிநிவாரணியைப் பொடித்து, சலைனில் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் நகர்ப்புற இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. வாயால் விழுங்கச் செய்யப்பட்ட மாத்திரையின் மாவுப்பொருள் கரைவதில்லை. அது நாளங்களை அடைத்துக் கையைப் புண்ணாக்குகிறது. ஊசியைப் பகிர்வதால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. தொற்றுக்கு வழி திறக்கிறது. டேபென்டடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வராமல் மருந்துச் சட்டத்தின் கீழ் மட்டும் இருந்ததால், இணையவழி மொத்தமாக வாங்கி விற்றவர்களுக்கு அச்சமும் குறைவாக இருந்தது. பள்ளி வாசல்களில் புழங்கும் ‘கூல் லிப்’, ‘ஹான்ஸ்’ புகையிலைப் பொட்டலங்கள் பலருக்கு முதல் படி. அவற்றுக்கான தடை 2013இலிருந்தே காகிதத்தில் இருக்கிறது.

எய்ம்ஸ் நிறுவனத்தின் போதை மருத்துவ மையம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் இத்துறைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கவும், மனைவியையும் சிகிச்சைக்குள் அழைத்துவரவும் கற்றுக்கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. உடலிலிருந்து நஞ்சு இறங்க ஒரு வாரம் பத்து நாள் போதும். திரும்பக் குடிக்காதிருக்க ஆண்டுக்கணக்கில் தொடர் கவனிப்பு வேண்டும். நால்ட்ரெக்ஸோன், டைசல்பிராம் போன்ற மருந்துகள் வட்டார மருத்துவமனை அளவில் தடையின்றிக் கிடைப்பது, கிராமச் செவிலியர் மாதம் ஒருமுறை வீடு சென்று பார்ப்பது, விபத்துப் பதிவேட்டில் மது, மாத்திரை என்று ஒரு தனிப் பத்தி சேர்ப்பது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையும், மது வருவாயில் ஒதுக்கப்படும் ஒரு சிறு விழுக்காடும் போதும். எவ்வளவு விழுக்காடு, எந்த மாவட்டங்களில் முதலில் என்பவை மருத்துவர்களும் பொருளியலாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவுசெய்ய வேண்டியவை.