நிலுவை பாடத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு நாங்க வங்கிக் கடன் பற்றிப் பேச வரவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். தவறாமல் வருகிற ஒரு அக்காவைக் காணோம். கேட்டதற்கு, "அவங்க பொண்ணு காலேஜ்ல பெயிலாயிடுச்சாம், அதான் வெளியில தலைகாட்டல" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஆறு பாடம் எழுதியதில் நாலு தேறியிருக்கிறாள், இரண்டு நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் தெருவில் அவளுக்கு "பெயிலான பொண்ணு" என்றே பேர் ஆகிவிட்டது. "இனிமே படிக்க வெச்சு என்ன, மாப்பிள்ளை பாருங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அக்காவும் அரை மனசாக இருந்தார்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினோம். திரும்ப எழுதப் பணம் கட்டுவதற்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றாள். வீட்டில் சொல்லவில்லை. "சொன்னா மறுபடியும் அந்தப் பேச்சுதான் வரும்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பாருங்கள், ஒரு சொல்லுக்குப் பயந்து படிப்பே போக இருந்தது!

நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் மூன்று தவணை கட்டவில்லை என்றால் பதிவேட்டில் என்ன எழுதுகிறோம்? "கடன்காரி" என்றா? இல்லையே. "நிலுவை 3 தவணை" என்றுதானே எழுதுகிறோம். எவ்வளவு பாக்கி என்று அதில் தெரியும். எப்போ கட்டுவது என்று கூடிப் பேசுவோம். அவர் எப்படிப்பட்டவர் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. கல்லூரியில் "அரியர்" என்கிறார்களே, அதற்கும் நிலுவை என்றுதான் பொருள். நிலுவை அந்தப் பாடத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

படித்த இடங்களிலும் இதை யோசித்திருக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. வாரியம் 2020-இல் "பெயில்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு, திரும்ப எழுதுவது அவசியம் என்று பொருள் வரும் சொல்லைப் போட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில், தேறாத பாடத்துக்கு நேரே "ஆர்.ஏ." என்று வரும். மறுபடி எழுத வேண்டும் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவில் மதிப்பெண் குறைந்த மாணவர்களை "புரொபேஷன்" என்ற நிலையில் வைப்பார்கள். குற்றம் செய்தவரைக் கண்காணிப்பில் வெளியே விடுகிறபோது கோர்ட்டில் சொல்கிற சொல்லும் அதுதான்! சில பல்கலைக்கழகங்கள் இப்போது அதை விட்டுவிட்டு "நோட்டீஸ்", அதாவது அறிவிப்பு, என்று மட்டும் சொல்கின்றன.

ஆனால் ஒன்று, சகோதரிகளே. சொல்லை மாற்றினால் மட்டும் பாடம் தேறிவிடாது. "பரவாயில்ல, எல்லாம் சரியாயிடும்" என்று மூடி வைப்பதும் தப்புதான். நிலுவையைத் தள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? நாலு வருஷப் பொறியியல் படிப்பை முடிக்க அண்ணா பல்கலைக்கழக விதியில் 7 வருஷம்தான் உச்ச வரம்பு. அதனால் இழிவாகவும் பேச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்வோம்.

பிள்ளையிடம் "ஏன் பெயிலான?" என்று கேட்காமல் இதைக் கேளுங்கள்:

1. எந்தப் பாடம் நிற்கிறது? எத்தனை மார்க் குறைந்தது?
2. திரும்ப எழுதப் பணம் எவ்வளவு? கட்டக் கடைசி நாள் எது?
3. எது புரியவில்லை? யாரிடம் கேட்கலாம்?
4. வீட்டு வேலையில் எதை நாங்க பார்த்துக்கொண்டால் உனக்குப் படிக்க நேரம் கிடைக்கும்?

பல கலைக் கல்லூரிகளில் 100-க்கு 40 எடுத்தால் தேர்ச்சி. 38 எடுத்த பிள்ளைக்கும் 5 எடுத்த பிள்ளைக்கும் ஊர் ஒரே பேர்தான் வைக்கிறது. முதல் கேள்வியைக் கேட்டாலே உண்மை நிலவரம் நமக்குத் தெரிந்துவிடும். பிள்ளை ரொம்பச் சோர்ந்து, சாப்பிடாமல் பேசாமல் இருந்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தப் பெண்ணுக்குக் குழுவிலேயே உள்கடன் கொடுத்து நாலாம் நாள் பணம் கட்டினார்கள். ஏப்ரலில் எழுதினாள். ஒன்று தேறியது, ஒன்று இன்னும் நிற்கிறது. இப்போது யாராவது கேட்டால் அக்கா கூச்சப்படாமல் சொல்கிறார்: "ஒரு பாடம் பாக்கி இருக்கு, நவம்பர்ல எழுதுறா."

நாமும் அப்படியே சொல்லிப் பழகுவோம். அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் யார் யார், யாருக்கு எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.