தேர்ச்சியும் தீர்மானமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வி கற்றுப் பணியில் அமர்வது குறித்துப் பலரும் பேசினர். அமர்ந்த பின் அப்பணியில் வல்லவராவது எவ்வாறு என்பது பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நம் காஞ்சிபுரத்துத் தறியையே எடுத்துக்கொள்வோம். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். கரை நாடாவை எறிய உடன் ஒருவர் அமர்வார். இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் இணைப்புக் கெடும். தேர்ந்த நெசவாளர் அதனை உடனே கண்டு, ஊடையைப் பிரித்து மீண்டும் நெய்வார். மற்றவர் ஒரு முழம் சென்ற பின்னரே காண்பார். இருவரும் இருபது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர்களாக இருக்கலாம். முன்னவர் தம் வேலையைத் தாமே சோதித்துக்கொண்டே வந்தவர், வேறுபாடு அவ்வளவே.

சரிகை வாங்குவோரும் இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகின்றதா எனப் பார்ப்பர். கோப்பின் மேற்குறிப்பை மட்டும் படித்து ஒப்பமிடுவோர் பளபளப்பைக் கண்டு சரிகை வாங்குவோரே.

நாமும் அவ்வாறு வாங்கியதுண்டு. 1990-களில், ஆசிரியப் பணியேற்ற புதிதில், நெடுநாள் வாராத மாணவன் ஒருவனின் பெயரை நீக்கப் பரிந்துரைத்தோம். காரணம், "படிப்பில் நாட்டமின்மை" என எழுதினோம். சில மாதங்கள் கழித்து ஒரு வீதியைக் கடக்கையில், ஒரு வீட்டினுள் குழித்தறியின் ஓரத்தில் அவன் கரை நாடா எறிந்துகொண்டிருக்கக் கண்டோம். தந்தை பெற்ற முன்பணத்திற்காக அவன் அங்கு அமர்த்தப்பட்டிருந்தான். பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை! ஒருநாள் சென்று வினவியிருக்கலாம். அவன் பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

அன்றுமுதல் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். முடிவெடுக்குமுன், யாரை வினவினோம், என்ன விளையுமென எதிர்பார்க்கின்றோம் என எழுதுவோம். மூன்று திங்கள் கழித்து, விளைந்தது என்னவென ஒப்பிடுவோம். தவறியவை பல. அவற்றுள் பெரும்பாலானவை மாலை நேரத்து அவசரத்தில் ஒப்பமிட்டவை என்பது தெரிந்தபின், முக்கியத் தாள்களைக் காலைக்கென ஒதுக்கிவிட்டோம். (எழுத்தருக்கு இதில் சற்று வருத்தமே!)

இளைஞர்களே! நம்மவர் ஒருவர் பிழை செய்தால், பழி அவரோடு நிற்பதில்லை. சமூகத்தின் மீதே ஏற்றிக் கூறுவர். அதற்கு அஞ்சிப் பலர், முடிவெடுக்கும் பணியைப் பிறரிடம் விட்டு, படியெடுக்கும் பணியோடு ஒதுங்குகின்றனர். அவர்களை அங்ஙனமே ஒதுக்கிவைக்க விரும்பும் மேலதிகாரிகளும் உளர். பத்தாண்டு கழித்துப் பதவி உயர்வு வருங்கால், "இவருக்கு அனுபவமில்லை" என்பார்கள்.

அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் பிரச்சினை குறித்த ஆய்வு நூலை 1923-இல் வெளியிட்டார். 1925-இல் நாணயம் குறித்த அரச ஆணையத்தின்முன் சான்றளித்தார். அங்கே அவர் விடையிறுத்தது நாணயப் பொருளாதாரத்தின் நுட்பங்கள் பற்றியே. பொருளை அடிவரை கற்றிருந்தமையால், அரசின் நாணயக் கொள்கையையே மறுத்துரைக்க அவரால் இயன்றது.

ஆகவே சிறு முடிவுகளைக் கேட்டுப் பெறுங்கள். விடுப்புப் பட்டியலாயினும், கொள்முதல் கணக்காயினும், உங்கள் பெயரில் முடிவெடுங்கள். விதியைப் படித்துக் காரணத்தை எழுதி வையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்குக் குறிப்பேட்டுடன் வாருங்கள். ஓய்வுபெற்ற மூத்தோர் சிலர் வர இசைந்துள்ளனர். நாமும் நம் குறிப்பேட்டைக் கொண்டு வருவோம். தவறிய பக்கங்களையும் நீங்கள் படிக்கலாம்.