வீட்டு வரி நோட்டீஸும் மீனவர் குடிசையும்
(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வரி கேட்டு வரும்போது நாம் வீட்டுச் சொந்தக்காரர்கள். பட்டா கேட்டுப் போனால், புறம்போக்கில் குடியிருப்பவர்கள். ஒரே குடிசைக்கு இரண்டு பெயர்! இந்த விசித்திரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

வரியே கட்டமாட்டோம் என்பதல்ல நமது வாதம். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பஞ்சாயத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் கணக்கு நியாயமாக இருக்கவேண்டும். களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும் மரக்கால் சரியா என்று விவசாயத் தொழிலாளி பார்க்கிறார். சம்பளச் சீட்டில் பிடித்தம் சரியா என்று ஆலைத் தொழிலாளி பார்க்கிறார். இறால் எடையில் நாமும் ஏமாறுவதில்லை. வரி நோட்டீஸை மட்டும் ஏன் பார்க்காமல் கூரையில் செருகி வைக்கிறோம்?

அப்படிச் செருகி வைப்பது ஆபத்து. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 172-வது பிரிவு வீட்டு வரியைப் பற்றியது. வரிப் பாக்கிக்கு வீடும், வீட்டுக்குள் இருக்கும் அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களும் பொறுப்பு என்கிறது அது. நம் வீட்டில் சாமான் என்றால் என்ன? வலைதானே!

ஆனால் அதே பிரிவு வேறொன்றும் சொல்கிறது. வறுமையை முன்னிட்டு விலக்கு அளிக்கவும், காலியாகக் கிடக்கும் வீட்டுக்குத் தள்ளுபடி தரவும் சர்க்கார் விதிகள் செய்யலாம். இது பிச்சையல்ல, சட்டத்தில் உள்ள வழி.

என்ன செய்யவேண்டும்? முதலில், பதிவேட்டில் உங்கள் வீடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கூரை வீடு மாடி வீடாக மாறியிருக்கிறதா? அளவு கூடியிருக்கிறதா? புயலில் விழுந்த வீட்டுக்கும் வரி ஓடுகிறதா? பதிவேட்டைக் காட்ட மறுத்தால், 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை.

அடுத்து, நோட்டீஸில் கண்ட கெடுவுக்குள் ஆட்சேபணை எழுதுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் இருந்தால் அவருக்கு, தனி அதிகாரி இருந்தால் அவருக்கு. வீட்டின் நீள அகலம், போட்டோ, பழைய ரசீது மூன்றையும் இணையுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்; காகிதம் நிற்கும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மீஞ்சூர் ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அங்கேயும் எழுந்து கேளுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். வரி ரசீது பட்டா ஆகாது. ஆனாலும் இத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பட்டாவுக்கான கோரிக்கையைக் கைவிடாதீர்கள்.

1810-ல் கம்பெனி சர்க்கார் காசி நகரத்தில் வீட்டு வரி போட்டது. ஜனங்கள் கடைகளை அடைத்தார்கள். வீடுகளை விட்டு வெளியேறி வெட்டவெளியில் கூடி உட்கார்ந்தார்கள். கொல்லர்கள் வந்தார்கள், படகோட்டிகளும் வந்தார்கள். கடைசியில் அந்த வரி வாபஸ் ஆயிற்று. ஒற்றை ஆள் போயிருந்தால் நடந்திருக்குமா?

தனித்தனியே போனால், 'நாளைக்கு வா' என்பார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்றிரவே உட்காரட்டும்; ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மனு எழுதட்டும். நாளைக் காலை எல்லா மனுக்களும் ஒன்றாகப் போகட்டும். பெரிய வலையை ஒருவர் இழுக்க முடியாது, தோழர்களே. கரையில் நிற்கும் அத்தனை பேரும் கை கொடுத்தால்தான் வலை கரையேறும்!